மட்டக்கம்பும் புலமைப்பரிசில் கடிதமும்

என் இல்லறத்தின் துணையே,

உன் மட்டக்கம்பு கிடைத்துவிட்டது.

பத்தாம் நம்பர் மலையில் இந்த வாரம் கவ்வாத்து வெட்டுகிறார்கள். இடுப்பு வரை இலையும் தளிருமாய் நின்ற தேயிலைச் செடிகளை முழங்கால் அளவுக்குக் குறைத்து, வெறும் கிளைகளாய் விட்டுக்கொண்டே போகிறார்கள். அப்படி வெட்டும்போது ஒரு செடியின் உள்ளே, கிளைகளுக்கு நடுவில் செருகி நின்றதாம் அந்தக் கம்பு. கொழுந்து எடுக்கும் எந்தப் பெண்ணின் கையிலும் இருக்கும் கம்புதான். செடியின் தலைமேல் கிடத்தினால், மேலே நிற்பதைக் கிள்ளு, கீழே நிற்பதை விடு என்று மட்டம் காட்டும் கம்பு. ஆனால் அதன் ஒரு நுனியில் சாயம் போன சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. திருவிழாவில் கையில் கட்டிய காப்பை அவிழ்த்த பிறகு எறிந்துவிடாமல் கம்பில் சுற்றி வைப்பவள் இந்தத் தோட்டத்தில் நீ ஒருத்திதான்.

செல்லம்மா கொண்டுவந்து கொடுத்தாள். உன் பக்கத்து நிரையில் இருபது வருடம் கொழுந்தெடுத்தவளுக்கு அடையாளம் சொல்ல வேறு ஆள் வேண்டுமா?

"அண்ணே, இது மதினியோடது. நூலு சுத்தியிருக்கு பாருங்க. ரெண்டு மழ பேஞ்சும் உளுத்துப் போகல. மதினி மாரியே அழுத்தமான கம்பு."

சிரிக்கத்தான் அப்படிச் சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கம்பை என் கையில் வைத்த பிறகும் போகாமல் வாசலிலேயே நின்றாள். இடுப்பு மடிப்பில் அவள் விரல்கள் எதையோ தொட்டுத் தொட்டு மீண்டன. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, நாளைக்கு வாறேன்," என்று இறங்கிப் போய்விட்டாள்.

கம்பைக் கழுவவில்லை. நாசியருகே வைத்துப் பார்த்தேன். ஈர மண்ணும் பாசியும் பச்சை இலையும் கலந்த அந்த வாசனை, மாலையில் நீ இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துக் கதவின் ஆணியில் மாட்டும்போது நம் ஒற்றையறைக் காம்பரா முழுவதும் நிறைந்திருக்குமே, அதேதான். இந்த வீட்டில் இப்போது கற்பூரமும் திருநீறும் மட்டுமே மணக்கின்றன. உன் வாசனை எப்போது வெளியேறியது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். கம்பு வந்த பிறகே அது தெரிந்தது.

அந்தக் கடிதம் வந்த நாளிலும் நீ படங்கை அவிழ்க்காமலே நின்றாய்.

நம் வாணிக்குக் கொழும்பில் சட்டம் படிக்க இடம் கிடைத்து, செலவுக்கு என்ன வழி என்று நாம் விழித்திருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றிலிருந்து புலமைப்பரிசில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். வாணி உரக்கப் படித்தாள். நீ மலையிலிருந்து நனைந்து இறங்கியவள், வாசற்படியிலேயே சேலை சொட்டச் சொட்ட நின்று கேட்டாய். "குடுக்குறாங்களா இல்லியா? அத மொதல்ல சொல்லு புள்ள," என்றாய். "குடுக்குறாங்கம்மா," என்றாள். அதற்கு மேல் நீ எதையும் கேட்கவில்லை. சாமி படத்தின் முன் வந்து நின்று, ஈரக் கையாலேயே கும்பிட்டாய்.

நான்தான் அந்தக் கடிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். மறுநாள் குளித்து, நீறணிந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பதிகத்துக்கு உரை சொல்ல அமர்வது போல அதன் முன் அமர்ந்தேன். நான் பள்ளியில் அதிகம் படித்தவனல்லன். கொழுந்து வாட்டும் மாடியில் உழைத்த காலத்தில் மாரியம்மன் கோயிலில் பாடிப் பாடியே தமிழ் கற்றவன். பொருள் சொல்லும்போது நான் கைக்கொண்ட விதி ஒன்று உண்டு. அருளாளர் வாக்கில் வீண் சொல் கிடையாது. ஒரு சொல் அங்கே நிற்கிறது என்றால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே அந்த விதி. அருளாளரின் வாக்குக்கு வைத்த விதியை, யாரோ ஒரு எழுத்தர் தட்டச்சிட்ட கடிதத்துக்கும் வைத்தேன். என் பிழை அங்கே தொடங்கியது.

அந்த வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம். "இவ்வுதவி, பயனாளியின் பெற்றோரில் ஒருவரேனும் தோட்டத்தில் பதிவு பெற்ற தொழிலாளியாக இருக்கும் நிலையில் வழங்கப்படுவதுடன், தகைமைகள் தொடர்வதைப் பொறுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படலாம்." தொடர வேண்டியது எந்தத் தகைமை? மகளின் புள்ளிகளா, பெற்றோரின் பதிவா? பதிவு என்றால், படிப்பு முடியும் வரை நம்மில் ஒருவர் தோட்டத்தில் பேர் உள்ளவராக இருக்க வேண்டும். நான் அதற்கு முந்திய வருடமே ஓய்வு பெற்றுவிட்டேன். தோட்டத்துப் பேரேடான செக்ரோலில் எஞ்சியிருந்தது உன் பேர் மட்டும்.

"மார்க்ஸத்தாம்பா சொல்லியிருக்காங்க," என்றாள் வாணி. "தோட்டத்து ஆளுங்களான்னு மொத தடவ மட்டும் பாப்பாங்களா இருக்கும்."

"இருக்கும்னு நீ சொல்ற. கடதாசி சொல்லலியே."

"இங்கிலீசுலயும் இதே கொழப்பந்தான். சந்தேகமா இருந்தா கேட்டுருவோம்பா. கீழ நம்பர் போட்டிருக்கு."

நீ அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாய். தட்டும் ஓசை நின்றது.

"வேணாம்," என்றாய். "கேட்டா யோசிப்பாங்க. யோசிச்சா நிப்பாட்டிருவாங்க. தகரம் கேட்டது மறந்துபோச்சா?"

எப்படி மறக்கும்? வரிசை வீடுகளான நம் லயத்துக்குப் புதுக் கூரைத் தகரம் வந்த வருடம், நம் காம்பராவின் பேரும் பட்டியலில் இருந்தது. எப்போது எங்களுக்கு என்று நான் ஆபீசில் போய்ப் பணிவாகத்தான் கேட்டேன். பட்டியலைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்கள். திரும்பப் பார்த்த பட்டியலில் நம் பேர் இல்லை. கேட்காமல் இருந்த பக்கத்துக் காம்பராவுக்குத் தகரம் வந்தது. நமக்கு இரண்டு மழைக்காலம் பாயைச் சுருட்டிச் சுருட்டி இடம் மாற்றும் வேலை வந்தது. நமக்கு மட்டும் நேர்ந்ததா அது? இந்த மலைகளில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்லும். கிடைத்ததை வாங்கு, வாய் திறவாதே, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வா. யாரும் கற்பிக்காமலே நாமெல்லோரும் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது.

பிறகு என் பக்கம் திரும்பி, மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு கேட்டாய்: "கோயில்ல ஒரு பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் அர்த்தம் சொல்றீங்க. இந்த ஒரு வரிக்கு வராதா?"

"ரெண்டு அர்த்தமும் நிக்குதே."

"சாமி பாட்டுல ரெண்டு அர்த்தம் வந்தா ரெண்டுமே நல்லதும்பீங்க. இதுல எது நல்லது?"

வாணி சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்காமல், தீர்ப்பு வழங்கும் தோரணையில் சொன்னேன்: "பேரு இருக்கணும்னு வச்சுக்கிட்டா நமக்கு நட்டமில்ல. இல்லன்னு வச்சுக்கிட்டு, நாளைக்கு நிப்பாட்டிட்டா புள்ள படிப்பு போகும்."

நட்டமில்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லை என் நாவு எப்படிச் சொன்னது என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த வருடம் வேலையிலிருந்து நிற்பதென்று நீ முடிவு செய்திருந்தாய். நின்றதும் என்ன செய்வாய் என்று செல்லம்மா கேட்டதற்கு, "கோயிலுக்குப் போயி இவரு பாடுறத காலங்காத்தால கேப்பேன்," என்றாயாம். நம் மணவாழ்வு முழுவதிலும் காலைப் பூசையில் நான் பாடுவதை நீ ஒருமுறையும் கேட்டதில்லை. நான் சன்னிதியில் பதிகம் எடுக்கும் அதே வேளையில் நீ ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்காக நின்றிருப்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சந்தை, துணி, விறகு. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியே கேட்டதெல்லாம் கணக்கில் சேராது என்று நீயே சொல்வாய்.

"சரி, எம்பேரு இருந்துட்டுப் போகட்டும்," என்று ரொட்டியைத் திருப்பிப் போட்டாய். "பாட்டு எங்கயும் ஓடிறாது."

வாணி கொழும்புக்குப் போனாள். முதல் வருடம் முடிந்து உதவி புதுப்பிக்கப்பட்டது. புள்ளிகள் நன்றாக இருந்ததால் கிடைத்தது என்று அவள் எண்ணினாள். உன் பேர் இருந்ததால் கிடைத்தது என்று நாம் எண்ணினோம். கடிதத்தின் கதையை அவள் மறந்தே போனாள். நாமும் நினைவூட்டவில்லை. ஏன் இன்னும் மலைக்குப் போறீங்க என்று தொலைபேசியில் அவள் கேட்கும்போதெல்லாம் நீ ஒரே பதிலைச் சொன்னாய்: "வீட்ல குந்துனா ஒடம்பு புடிச்சிக்கும் புள்ள."

இரண்டாம் வருடத்தில் உன் உடம்பு வேறு பதிலைச் சொல்லத் தொடங்கியது. மாலையில் கால் வீங்கியது. மேட்டில் ஏறும்போது மூச்சு இளைத்தது. நிறுவைக்குப் போதிய கொழுந்து இல்லாமல் அரைப் பேரும் அரைக் கூலியும் விழும் நாள்கள் கூடின. இருட்டும் முன் கூடையைக் கவிழ்த்துவிட்டு, "இன்னக்கி அரைப் பேரு," என்று நீ சொல்லும்போது உன் குரலில் வெட்கம் இருக்கும். வெட்கப்பட வேண்டியவன் நான் அல்லவா? தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஐயா உன் காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது, நிரம்பவில்லை. "அம்மா, மலைக்குப் போறத நிப்பாட்டுங்க," என்றார். "நிப்பாட்டுறேங்கய்யா," என்று சொல்லி வந்தாய். மறுநாள் பெரட்டுக்குப் போனாய்.

அப்போதுதான் நான் துணிந்தேன். அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். "தங்கள் பேரருளுக்கு என்றும் கடமைப்பட்ட" என்று தொடங்கி, தகைமை என்பது எதைக் குறிக்கிறது என அறிய விழைவதாய் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ ராகலைச் சந்தைக்குப் போகும்போது முத்திரை ஒட்டி உன் கையில் கொடுத்தேன். நீ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"கேட்டுத்தான் ஆகணுமா?"

"மரியாதையாத்தான் கேட்டிருக்கேன்."

"தகரத்தையும் மரியாதையாத்தான் கேட்டீங்க."

ஆனாலும் வாங்கிப் பைக்குள் வைத்தாய். மாலையில் கீரையும் கருவாடுமாய்த் திரும்பியபோது, "போட்டியா?" என்றேன். "ம்," என்றாய்.

ஒரு மாதம் காத்திருந்தேன். இரண்டு மாதம் காத்திருந்தேன். தபால்காரர் கோயில் வளைவில் திரும்பும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பதில் இல்லை. ஒரு நாள் நீ சொன்னாய்: "பாத்தீங்களா, பதிலு வரல. அதான் பதிலு. பேசாம இருங்கன்னு சொல்றாங்க."

நான் அதை ஒப்புக்கொண்டேன். ஏன் ஒப்புக்கொண்டேன் என்பதை உன்னிடமேனும் சொல்ல வேண்டும். கேட்டுப் பெறுவது பக்தியில் கீழ்ப்படி, கேளாமல் நிற்பதே மேல்படி என்று சன்னிதியில் விளக்கம் சொல்லியே பழகிய வாய் என்னுடையது. விடை தராத தெய்வத்தின் முன் விடியல்தோறும் பாடி, அந்த மௌனத்தையே அருளாக ஏற்றுப் பழகியவன். அதே பழக்கத்தைக் கொழும்பில் ஒரு மேசைக்கும் நாற்காலிக்கும் கொண்டுபோய் வைத்தேன். தெய்வத்தின் மௌனமும் அலுவலகத்தின் மௌனமும் ஒன்றல்ல என்பதை அறிய எனக்கு இத்தனை வயது போதவில்லை.

மூன்றாம் வருடம், மூடுபனி இறங்கிய ஒரு முற்பகல். பத்தாம் நம்பர் மலை. நிரையின் நடுவில் நீ குனிந்தாய். படங்கை இறுக்கிக் கட்டுகிறாய் என்று செல்லம்மா நினைத்தாளாம். பனிக்குள் இரண்டு செடி தள்ளிப் போன பிறகு, "என்ன மதினி, கட்டி முடிக்கலியா? அரைப் பேருக்கு இம்புட்டு அலங்காரமா?" என்று கேட்டிருக்கிறாள். பதில் வராததால் திரும்பியிருக்கிறாள். கொழுந்து லொறியில் உன்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உன் தலைமுடியில் தளிர் ஒன்று ஒட்டியிருந்தது. அதை எடுத்தேன். அதற்கு மேல் எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

அன்று உன் கூடையில் கால்வாசிக் கொழுந்துகூட இல்லை. ஆனால் மலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா செக்ரோலில் உனக்கு முழுப் பேர் போட்டார். மறுநாள் காலை, புதிதாய் வந்திருந்த உதவியாளர் ஒருவர் பட்டியலைப் பார்த்து உன் பேரை உரக்கக் கூப்பிட்டாராம். களத்தில் இருந்த அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கருமாதி முடிந்த வாரத்தில் வாணியின் கடைசி வருடத்துக்கான புதுப்பித்தல் படிவம் வந்தது. இப்போது செக்ரோலில் நம் வீட்டுப் பேர் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வருடம் மிச்சம். நீ உன் உயிரைக் கொடுத்துக் காத்த படிப்பு, நீ போனதனாலேயே நின்றுவிடுமோ என்ற அச்சம் என்னைப் பிடித்துக்கொண்டது. இழக்க இனி ஒன்றும் இல்லாதவனுக்குத்தான் கேட்கத் துணிவு வருகிறது. கடிதத்தின் அடியிலிருந்த எண்ணை, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். நான் எழுந்து நின்றுகொண்டு, அந்த வாக்கியத்தை முழுவதுமாக ஒப்பித்து, பொருள் கேட்டேன்.

"ஓ, அந்த லைனா ஐயா?" என்றாள். "அது ஸ்கொலஷிப் குடுக்கிற நேரம் மட்டும்தான் பாக்கிறது. அதுக்குப் பிறகு மார்க்ஸ் மட்டும்தான். பழைய கடிதத்தில இருந்து அப்பிடியே வாற வசனம் ஐயா, மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருக்கிறம். நெறைய பேர் கோல் எடுத்துக் கேக்கிறாங்க."

நிறையப் பேர் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டார்கள், பதில் பெற்றார்கள், போனை வைத்தார்கள். ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"நான் முந்தி ஒரு கடிதம் போட்டிருந்தேனேம்மா," என்றேன். அவள் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். "வரல்லையே ஐயா," என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "கேட்டியா, மார்க்ஸ் மட்டுந்தானாம்," என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அங்கே ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் நான் உட்காரவே இல்லை என்று நினைக்கிறேன். தபாலில் கடிதம் தொலைந்துவிட்டது என்று எண்ணி, ராகலைத் தபால் கந்தோரை மனத்துக்குள் எத்தனையோ முறை ஏசினேன். அந்த மனிதர்களிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஏனென்றால் பின்னர் ஒருநாள், செல்லம்மாவுக்கு உன் சேலை ஒன்று கொடுக்கலாம் என்று உன் தகரப்பெட்டியைத் திறந்தேன். கூறைச் சேலையின் மடிப்புக்குள் என் கடிதம் இருந்தது. முத்திரை ஒட்டியபடி, உறை பிரிக்காதபடி, கசங்காதபடி. நம் வாழ்வில் நீ என்னிடம் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அதையும் "ம்" என்ற ஓர் ஒலியில் சொல்லி முடித்திருக்கிறாய்.

உன்மேல் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. பத்து நாள் கோயிலுக்குப் போனேன், ஆனால் பாடவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று பூசாரியிடம் சொன்னேன். ஒரு முத்திரைத் தூரத்தில் இருந்த பதிலுக்கு நீ மேலும் ஒரு வருடம் மலை ஏறியிருக்கிறாய். பிறகு மெல்ல விளங்கியது. நீ அதைக் கிழித்துப் போடவில்லை. அடுப்பில் இடவில்லை. கூறைச் சேலைக்குள் வைத்திருக்கிறாய். பிள்ளை படித்து முடித்த பிறகு, பயமில்லாமல் ஒரு நாள், இருவருமாய்ப் பிரித்துப் பார்த்துச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தாயோ? நான் அறியேன். அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

வாணியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் இந்த வருடம் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து, கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து உன் படத்தின் அருகே சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, ஆஸ்பத்திரில வேலைய நிப்பாட்டச் சொல்லியும் அம்மா ஏன் மலைக்குப் போனாங்க? உண்மைய சொல்லுங்க." சாட்சிக் கூண்டில் நிற்பவன் போல நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிக்காத உறையையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் அழுத அழுகையை உனக்கு எழுத என்னால் இயலாது.

"நான் அங்கதானப்பா இருந்தேன். அவங்க ஆபீசு ரெண்டு பஸ் ஸ்டொப் தூரம். நடந்து போயி கேட்டிருப்பேனே."

"நீ கேப்பன்னு தெரிஞ்சுதாம்மா ஒனக்குச் சொல்லல."

மறுநாள் காலை அவள் அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு, என்னைத் தேற்றுவதற்காகவோ, தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகவோ, மெதுவாகச் சொன்னாள்: "நீங்க படிச்சது தப்பில்லப்பா. ரெண்டு மாதிரியும்தான் படிக்கலாம். ஆனா இப்படி ரெண்டு அர்த்தம் வந்தா, எழுதினவங்களுக்குச் சாதகமா படிக்கக் கூடாது. வாங்கினவங்களுக்குச் சாதகமாத்தான் படிக்கணும்னு சட்டத்துல ஒரு முறை இருக்கு. தெளிவா எழுதாதது அவங்க குத்தம். அதுக்கு நம்ம ஆளுங்க ஏன் வெல குடுக்கணும்?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். எத்தனை உரைகளைக் கேட்டிருக்கிறேன், எத்தனை உரை சொல்லியிருக்கிறேன். இப்படி ஓர் உரைவிதி உலகில் உண்டு என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே. நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கி இந்த மலை ஏறிய நாள் முதல், கையில் தந்த ஒவ்வொரு துண்டுக் காகிதத்தையும் நாம் நமக்கு எதிராகவே படித்து வந்திருக்கிறோம். சந்தேகம் ஒன்று வந்தால் அதன் சுமை நம் முதுகுக்கென்று நாமே எடுத்துக் கட்டிக்கொண்டோம். அதை மாற்றிப் படிக்க ஒரு முறை இருக்கிறது என்று சொல்லக் கற்றுவந்தாள் மகள். அவள் அதைக் கற்ற காலத்தில் அவளுடைய தாய் பழைய முறைப்படியே கூடை சுமந்திருக்கிறாள். இதை எந்தப் பதிகத்தில் வைத்து நான் பாடுவேன்?

வாணி திரும்பக் கொழும்புக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் பேசுகிறாள். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா என்று கேட்கிறாள், ஆம் என்கிறேன். பேச்சு முடிந்ததும் காம்பராவில் மழை ஓசை மட்டும் மிஞ்சுகிறது. நமக்குத் தகரம் மாற்றிவிட்டார்கள், சொல்ல மறந்தேன். இப்போது ஒழுகுவதில்லை. பாயைச் சுருட்டி இடம் மாற்றும் வேலைகூட இல்லாமல் போயிற்று.

இன்று காலை, சொன்னபடியே செல்லம்மா வந்தாள். நேற்று அவள் இடுப்பு மடிப்பில் தொட்டுக்கொண்டிருந்தது இதுதான்: மூத்த மகளுக்குத் தாதிப் பயிற்சிக்கு உதவி தருவதாக வந்த ஒரு கடிதம். நான்காக மடித்து, வியர்வையில் ஊறியிருந்தது.

"அண்ணே, இதுல பேரு இருக்கணும்னு எழுதியிருக்கா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் முட்டி முடியல, நிக்கலாம்னு பாத்தேன். யாருகிட்டயும் கேக்கெல்லாம் வேணாம். கேட்டா நிப்பாட்டிருவாங்க."

உன் குரல். உன் சொற்கள். ஓர் அசை குறையவில்லை. அவளை வாசற்படியில் உட்கார வைத்துக் கடிதத்தைப் பிரித்தேன். வேறு வாக்கியம், அதே மூடுபனி. இப்படியும் கொள்ளலாம், அப்படியும் கொள்ளலாம். பொருள் சொல்ல வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு வரியைப் பார்த்து நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. "ஆபீசு நுவரெலியாவுலதான் இருக்கு. நாளைக்கு மொத பஸ்ல போயி கேப்போம்."

"வேணாண்ணே…"

"நீ பேச வேணாம். பக்கத்துல நில்லு. நான் கேக்குறேன்."

அவள் மட்டக்கம்பைப் பார்த்தாள். அது சாமி தட்டில் திருநீற்றுக் கிண்ணத்தின் அருகே இருந்தது. "சரிண்ணே," என்றாள்.

கேட்பதற்கு எனக்கு இப்போது அச்சம் இல்லை. கேட்டு வந்த பதிலைச் சொல்ல வீட்டில் ஆளில்லை என்பது மட்டும்தான் குறை. இருந்தாலும் வாசலில் ஒரு கணம் நின்று, அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டே உள்ளே வருவேன். அந்தப் பழக்கம் விடவில்லை. விட முயலவும் இல்லை.

முதல் பஸ் புறப்படுவது காலைப் பூசை நேரத்தில். அதனால் நாளை வர இயலாது என்று பூசாரியிடம் சொல்லிவிட்டேன். "நீங்க வராம பூசையா?" என்று அவர் திகைத்தார். காய்ச்சல் நாளிலும் நான் தவறியதில்லை அல்லவா? நடக்கட்டும் என்றேன். உனக்கு ஒரு நாளும் கேட்கக் கிடைக்காத அந்தப் பாட்டை, அம்மனும் நாளை ஒரு நாள் கேட்காமல் இருக்கட்டும்.